லீபாவிலிருந்து வந்த மரம்

அத்தியாயம் 11

ஐந்து நாளாக டிவினா அந்தச் செய்திக்குப் பதில் போடவில்லை. அழிக்கவும் இல்லை. சொத்தைப் பல்லை நாக்கு தேடிப் போவதுபோல, வேலைக்கு நடுவே போனை எடுப்பாள், அதையே படிப்பாள், வைத்துவிடுவாள்.

“மகளே, பதினைந்தாம் தேதிக்குள் லீபாவுக்கு வந்துவிடுவேன். இனி எங்கும் போகமாட்டேன். மரம் இன்னும் இருக்கிறதா? அப்பா.”

ஒன்பது வருடம் முகம் காட்டாத மனிதர். கப்பலில் இருந்து இறங்கியவர் வீட்டுக்கு வராமல், செபு தீவில் யாரோ ஒருத்தியின் சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்த மனிதர். அவருக்கு மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை. மரம் இருக்கிறதா என்று கேட்கிறார்!

இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? அதுவும் இன்றைக்குப் பார்த்து?

இன்று டிசம்பர் எட்டு. மாதா திருநாளும் ஞாயிறும் ஒன்றாக வந்த நாள். அம்மா நெனிதா முதல் முறையாக மகளின் வீட்டுக்கு வருகிறாள். செப்டம்பரில் டிவினா சொந்த ஊர் லீபாவை விட்டு, தலைநகரை ஒட்டிய மண்டலூயோங்கில் இந்தப் பதினான்காம் மாடி வீட்டுக்குக் குடிவந்தபோது, “கல்யாணம் ஆகாத பொண்ணுக்குத் தனி வீடு என்னத்துக்கு? அந்த ஊர்ல கொசு கடிச்சா உங்கிட்ட யாரு இருக்கா?” என்று லீபா வீட்டு வாசலிலேயே நின்று கத்தியவள், அதற்குப் பிறகு போனில் “ம்”, “சரி”, “சாப்டேன்” என்ற மூன்று வார்த்தைக்கு மேல் பேசவில்லை. போன வாரம்தான் தானாகவே இறங்கிவந்து, “ஞாயித்துக்கிழமை வரோம். தம்பியும் வரான்” என்றாள்.

அதனால் காலை ஆறு மணியிலிருந்தே டிவினா அலங்காரம் செய்துகொண்டிருந்தாள்.

மற்ற ஊர்க்காரர்களுக்கு டிசம்பர் எட்டு சீக்கிரமாகத் தெரியலாம். இந்த நாட்டில் அது வெட்கக்கேடான தாமதம். செப்டம்பர் முதல் தேதியே கடைகளில் கிறிஸ்துமஸ் பாட்டுப் போட்டுவிடுவார்கள். எதிர் வீட்டுக்காரி அக்டோபரிலேயே கதவு முழுக்கப் பச்சைத் தோரணம் சுற்றி, கதவு எது சுவர் எது என்று தெரியாமல் செய்துவிட்டாள். டிவினாவின் கதவு மட்டும் மொட்டையாக இருந்தது. லிஃப்ட்டில் பார்த்தபோது எதிர் வீட்டுக்காரி, “வீட்டுல ஏதும் துக்கமா?” என்று இரண்டு முறை கேட்டுவிட்டாள்.

சிப்பி ஓட்டில் செய்த நட்சத்திர விளக்கு ஒன்றை வாங்கியிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே தொங்கவிடலாம் என்று பார்த்தால், கட்டட நிர்வாகம் அனுமதிக்காதாம். வெளிச் சுவரில் ஒரு ஆணி கூடாது, ஒரு கயிறு கூடாது. சரியென்று உள்பக்கமே திரைக் கம்பியில் கட்டினாள். அலமாரி மேல் கிறிஸ்துமஸ் குடில் வைத்தாள். சூசையப்பர், மாதா, இரண்டு ஆடு, ஒரு மாடு. பாலன் மட்டும் இருபத்தி நான்காம் தேதிவரை உள்ளே பஞ்சுப் பெட்டியில் தூங்குவார். கடைசியாக மரம்.

இரண்டடி உயரம். வெள்ளை நிறம். மேசைமேல் வைக்கிற மரம்.

அதை வாங்கும்போது கடைக்காரப் பெண், “மேடம், இன்னும் கொஞ்சம் பெருசா பாக்கறீங்களா? பச்சையில இருக்கு” என்றாள். “வேண்டாம். இதுதான்” என்றாள் டிவினா, கொஞ்சம் வேகமாகவே. பெரிய பச்சை மரம் என்றாலே அவளுக்கு ஆகாது. காரணம், லீபா வீட்டுக் கூடத்தில் நிற்கும் அந்த மரம்.

கப்பல்காரர் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் இருக்கிறவர் வீடு திரும்பும்வரை கிறிஸ்துமஸ் மரத்தைக் கழற்றக் கூடாது. அவர் வந்த அன்றுதான் அந்த வீட்டுக்குக் கிறிஸ்துமஸ். வந்தவர் கையால்தான் மரத்தைக் கழற்ற வேண்டும்.

டிவினாவின் சின்ன வயதில் அது எத்தனை சந்தோஷமான வழக்கமாக இருந்தது! அப்பாவின் கப்பல் ஒரு வருடம் மார்ச்சில் வரும், ஒரு வருடம் மே மாதத்தில். மாதாவுக்குப் பூ எடுத்துக்கொண்டு ஊர்வலம் தெருவில் போகும்போது, அவர்கள் வீட்டு ஜன்னலில் கிறிஸ்துமஸ் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். ஊர்வலத்தில் வரும் பிள்ளைகள் ஜன்னலைக் காட்டிச் சிரிப்பார்கள். டிவினாவுக்குக் கொஞ்சம்கூட வெட்கமாக இருக்காது. உங்களுக்கெல்லாம் முடிந்துபோயிற்று, எங்களுக்கு இனிமேல்தான் என்று பெருமையாக இருக்கும்.

ஒரு ஜூன் மாதம் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது அப்பா வந்து நின்றார். தோளில் துணிமூட்டை. நனைந்த சட்டையோடு நேராக மரத்தடிக்குப் போனார். “யாராவது இதைத் தொட்டீங்களா?” என்றார் பொய்க் கோபத்தோடு. அன்று ஜூன் மாதத்தில் பன்றித்தொடை வெந்தது, சிவப்பு மெழுகு பூசிய பாலாடைக்கட்டி உருண்டை உடைந்தது, அம்மா ரோஸ் நிறச் சட்டை போட்டுக்கொண்டாள். மறுநாள் அப்பா கிளை கிளையாகக் கழற்றிக் கொடுக்க, டிவினாவும் ரோனலும் பெட்டியில் அடுக்கினார்கள். அந்த வாசனை, நனைந்த சட்டையும் பிளாஸ்டிக் தூசியும் கலந்த அந்த வாசனை, இன்றைக்கும் எங்கிருந்தாவது வந்தால் அவள் வாசலைத் திரும்பிப் பார்ப்பாள்.

பிறகு ஒரு வருடம் அவர் வரவில்லை. அடுத்த வருடமும். மரம் நின்றது. மூன்றாம் வருடம் விளக்கு எரிந்துபோயிற்று, மரம் நின்றது. அம்மா எப்போதாவது மேலோட்டமாகத் தூசி தட்டுவாளே தவிர, அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஒவ்வொரு இருபத்தி நான்காம் தேதியும் பூசை முடிந்து வந்ததும் நாற்காலியைத் திருப்பி, கேட்டைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். மேசையில் பிள்ளைகள் இரண்டு பேரும் எதிரும் புதிருமாகச் சாப்பிடுவார்கள். ஒன்பது கிறிஸ்துமஸ் டிவினா பார்த்தது அம்மாவின் முதுகைத்தான்.

அதனால்தான் இந்த இரண்டடி மரம். ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் கழற்றி வைத்துவிடலாம். யாருக்காகவும் காத்திருக்க வேண்டாத மரம். இந்த வருடம் இருபத்தி நான்காம் தேதி அம்மாவை இங்கேயே இருக்கச் சொல்லி, எதிரே உட்காரவைத்து ஒரு வாய் சாப்பிட வேண்டும். அவளுக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

அம்மாவிடம் அப்பாவின் செய்தியைச் சொன்னால் அது நடக்காது. அடுத்த பஸ்ஸைப் பிடித்து லீபாவுக்குப் போய், நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். டிவினாவுக்கு அது சத்தியமாகத் தெரியும்.

போன் அடித்தது. தம்பி ரோனல்.

“அக்கா, கீழ வா. ஒரு சின்னப் பிரச்னை.”

“என்னடா?”

“செக்யூரிட்டி விடமாட்டேங்கறாரு.”

“அம்மா சண்டை போடறாங்களா?”

“இன்னும் இல்ல. அதான் சீக்கிரம் வாங்கறேன்.”

*

கீழே வரவேற்புக் கூடத்தில், பளபளக்கும் தரைக்கு நடுவே, பூசைக்குப் போட்டுவந்த நீலச் சட்டையோடு அம்மா நின்றிருந்தாள். கையில் ஒரு துணிப்பை. அவள் காலடியில் ஓர் ஆள் நீளத்துக்கு ஒரு அட்டைப் பெட்டி, நைலான் கயிற்றால் கட்டப்பட்டு, ஓரமெல்லாம் பிய்ந்து.

டிவினாவுக்கு அந்தப் பெட்டியைத் தெரியும். மூலையில் பேனாவால் மீசை வரைந்த பனிமனிதன் இருப்பான். மீசை வரைந்தது அவள்தான், ஏழு வயதில்.

“பெரிய சாமான் எல்லாம் சர்வீஸ் லிஃப்ட்லதான் போகணும், மேடம்,” என்றார் காவலர், பாவம், ஏற்கெனவே வேர்த்திருந்தார். “ஞாயித்துக்கிழமை சர்வீஸ் லிஃப்ட் கிடையாது. ஆள் போற லிஃப்ட்ல பெட்டி ஏத்தக் கூடாது. கையில எடுத்துட்டுப் போற சாமான் மட்டும்தான்.”

“கையில எடுத்துட்டுப் போனா விடுவீங்களா?” என்றாள் அம்மா.

“விடுவேன், மேடம்.”

“வார்த்தை மாறக் கூடாது. மாதா திருநாள் இன்னிக்கு.”

சொல்லிவிட்டு அம்மா குனிந்தாள். கயிற்றை அவிழ்த்தாள். காவலர் வாயைத் திறப்பதற்குள் பச்சைக் கிளைகள் வெளியே வர ஆரம்பித்தன. அம்மா ரோனலின் இரண்டு கையிலும் கிளைகளை அடுக்கினாள், முகம் மறையும்வரை. டிவினாவிடம் நடுத்தண்டையும் மூன்று கால் உள்ள இரும்புத் தாங்கியையும் கொடுத்தாள். ஜிகினாச் சரங்களைத் தன் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டாள். காலிப் பெட்டியை மடித்துக் காவலரிடம் நீட்டினாள்.

“இது பெட்டி. நாங்க ஏத்தல. நீங்களே வச்சுக்கோங்க.”

காவலர் சிரித்துவிட்டார். “மெர்ரி கிறிஸ்துமஸ், மேடம்” என்று லிஃப்ட் பொத்தானையும் அவரே அழுத்தினார்.

லிஃப்ட்டில் மூன்று பேரும் ஒரு தோட்டமும். கிளைகளுக்குப் பின்னாலிருந்து ரோனலின் தும்மல் மட்டும் வந்தது. டிவினா மெல்லக் கேட்டாள்.

“அம்மா, இதை யாரு கழட்டினது?”

“ஏன், எனக்குக் கை இல்லையா?”

“இல்ல… நீங்களா?”

“பதினாலு வந்துடுச்சு. இறங்கு.”

எண்களைப் பார்த்த அம்மா முணுமுணுத்தாள்: “பன்னெண்டுக்கு அப்பறம் பதினாலு போட்டிருக்கான். பதிமூணுன்னா பயமாம். அப்ப இது பதிமூணாவது மாடிதானே? பேரை மாத்திட்டா சரியாப் போச்சா?”

*

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா பையை வைக்கவில்லை, உட்காரவில்லை. கழுத்தில் ஜிகினாச் சரத்தோடு நேராகச் சமையல் மேடைக்குப் போனாள். துணிப்பையிலிருந்து ஒரு சின்ன அரிசிப் பொட்டலமும் ஒரு உப்புப் பொட்டலமும் எடுத்து வைத்தாள்.

“குடிவந்த அன்னிக்கு முதல்ல என்ன கொண்டு வந்த?”

டிவினா யோசித்தாள். “மெத்தை. அப்பறம் வைஃபை.”

“அரிசி உப்பு இல்லாம வீட்டுக்குள்ள காலை வச்சிருக்கா. வைஃபையாம்.” அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். “மூணு மாசம் லேட்டு. பரவால்ல. இன்னிக்குத்தான் குடிவந்தேன்னு நெனச்சுக்கோ.”

டிவினாவுக்குச் சட்டென்று கண் கலங்கியது. வாசலில் நின்று கத்தின அம்மா இந்த மூன்று மாதமும் அரிசி உப்பைப்பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தாளோ?

அதற்குள் அம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். அதற்கு நாலு அடி எடுத்து வைத்தால் போதும்.

“படுத்தா தலை கட்டில்ல, கால் அடுப்புல.”

“சுடு தண்ணி ஒத்தடம் தனியா வேண்டாம்மா,” என்றான் ரோனல்.

“இது என்ன, மேசைமேல? காலிஃப்ளவரா?”

“மரம்மா. கிறிஸ்துமஸ் மரம்.”

அம்மா அந்த இரண்டடி வெள்ளை மரத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு, யாரையும் நோகடிக்காத குரலில், “அழகாத்தான் இருக்கு. ஜன்னல் பக்கத்துல வை. பெருசை இங்க நிறுத்தலாம்” என்றாள்.

“அம்மா, இங்க இடம் இல்ல.”

“சோபாவைத் தள்ளு.”

“அந்த மரம் எனக்கு வேண்டாம்மா.”

கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டாள். ரோனல் கிளையை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டான். அம்மா மட்டும் காதில் விழாதவள்போல், பையிலிருந்து வாழையிலையில் சுட்ட பிபிங்கா அப்பங்களை எடுத்துத் தட்டில் வைத்தாள். “சாலிங் கொடுத்தா. அஞ்சு நாள் முன்னாடி கொடுத்தது இல்ல, இது நேத்து மறுபடியும் கொண்டு வந்தது. சாப்பிடு. பசியில பேசாத.”

சாலிங் லீபாவில் பக்கத்து வீட்டுக்காரி. அவள் எதற்காக ஒரே வாரத்தில் இரண்டு முறை அப்பம் சுட்டுக் கொடுக்கிறாள் என்று டிவினாவுக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை. சோபாவைத் தள்ளினாள். அம்மா சொன்னால் தள்ளித்தான் ஆக வேண்டும். அதற்குக் கல்யாணம் ஆகியிருந்தாலும் ஒன்றுதான், ஆகாவிட்டாலும் ஒன்றுதான்.

*

கிளைகளின் நுனிக் கம்பியில் நிறம் பூசியிருக்கும். சிவப்பு அடி வரிசை, மஞ்சள் அதற்கு மேல், நீலம் அதற்கு மேல். ஒன்பது வருடத்தில் நிறம் எல்லாம் உதிர்ந்துவிட்டிருந்தது. ஆனாலும் மூன்று பேருக்கும் கை மறக்கவில்லை. எந்தக் கிளை எங்கே என்று நீளத்தைப் பார்த்தே மாட்டினார்கள். அம்மா ஈரத் துணியால் ஒவ்வொரு கிளையாகத் துடைத்துக் கொடுத்தாள். வாளித் தண்ணீர் காபி நிறமாயிற்று.

அப்பா துறைமுகம் துறைமுகமாக வாங்கி அனுப்பிய உருண்டைகள் அம்மாவின் துணிப்பையில் வந்த ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் பேனாவால் ஊர் பெயர். ராட்டர்டாம். ஹாம்பர்க். டர்பன். கப்பல் போன ஊரெல்லாம் அவர்களுக்கு இப்படித்தான் தெரியும். பள்ளிக்கூடத்தில் பூகோளப் பாடம் நடத்தும்போது டிவினா மட்டும், “டர்பன் சிவப்பு, டீச்சர், ஒரு பக்கம் கீறல்” என்று சொல்லி அடி வாங்கியிருக்கிறாள்.

“இது சன்டோஸ்,” என்றாள் அம்மா, பச்சை உருண்டை ஒன்றைத் திருப்பிப் பார்த்து. “இது வந்த வருஷம்தான் நீ முதல் முதலா பூசையில பாடின. உங்கப்பா கேக்கணும்னு டேப்புல பிடிச்சு வச்சேன். ஜூன்ல வந்து நாலு தடவை போட்டுக் கேட்டாரு.”

“அஞ்சு தடவை,” என்றான் ரோனல். “அஞ்சாவது தடவை நான் அழுதேன், போதும்னு.”

மூவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே டிவினாவுக்குக் குற்றம் செய்ததுபோல் குறுகுறுத்தது. அம்மா இப்படி அப்பாவின் பேரைச் சொல்லாமல், ஆனால் அப்பாவைப்பற்றிச் சிரித்துப் பேசி எத்தனை வருடமாயிற்று! பையில் போன் கனத்தது.

காபி போடுகிறேன் என்று எழுந்தாள். லீபாவிலிருந்து அம்மா கொண்டுவந்த பராகோ காபித் தூள் பொங்கிக்கொண்டு வந்தது. பின்னாலேயே ரோனல் வந்து நின்றான், கிசுகிசுப்பாக.

“அக்கா, ஒரு விஷயம். அம்மாகிட்ட சொல்லாத.”

“என்ன?”

“அப்பா மெசேஜ் போட்டிருக்காரு.”

டிவினா கரண்டியைக் கீழே வைத்தாள். “உனக்குமா?”

“உனக்குமா?” என்றான் அவனும், அவளைவிட அதிர்ந்து.

இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ‘மகளே’ இருந்த இடத்தில் ‘மகனே’. மற்றபடி ஒரு எழுத்து மாறவில்லை.

“சுற்றறிக்கை அனுப்பியிருக்காரு பாரு,” என்றான் ரோனல் பல்லைக் கடித்து. “கப்பல்ல தீயணைப்பு ஒத்திகைக்கு அனுப்பற மாதிரி.”

“அஞ்சு நாளா ஏன்டா எங்கிட்ட சொல்லல?”

“நீ மட்டும் சொன்னியா? அக்கா, அம்மாவுக்குத் தெரிஞ்சா இப்பவே கிளம்பிடுவாங்க. மரத்தை வேற கழட்டிட்டாங்க. அவரு வந்து பாக்கும்போது மரம் இல்லைன்னா, ஐயோ, எங்கையாலயே கழட்டிட்டேனேன்னு நெஞ்சுல அடிச்சுப்பாங்க. இதை மறுபடி லீபாவுக்குத் தூக்கிட்டுப் போகணும். அந்தப் பெட்டியை வேற செக்யூரிட்டிகிட்ட கொடுத்தாச்சு.”

டிவினா காபிக் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சொன்னால் அம்மா போய்விடுவாள். சொல்லாவிட்டால், அப்பா வந்து நிற்கும் அன்று, மகளும் மகனும் சேர்ந்து தன்னை ஏமாற்றினார்கள் என்று தெரியும். ஒரு ஆள் ஏமாற்றியது போதாதா அம்மாவுக்கு? கிறிஸ்துமஸ் போனால் போகட்டும். அவள் தட்டைத் தூக்கிக்கொண்டாள்.

அம்மா மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்து விளக்குச் சரத்தின் சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தாள். புதுச் சரம், பழையது எரிந்துபோனதல்லவா.

“அம்மா, ஒண்ணு சொல்லணும். கோவப்படாதீங்க. அப்பா…”

“வரேன்னு மெசேஜ் போட்டிருக்காரா?”

டிவினா சட்டென்று ரோனலைத் திரும்பிப் பார்த்ததில் கோப்பைகள் தட்டில் சறுக்கின.

“காபியைக் கீழ வை, கொட்டிடப் போகுது. எனக்கும் வந்துச்சு. செவ்வாய்க்கிழமை.” அம்மா சிக்கலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “உங்களுக்கும் வந்திருக்கும்னு அன்னிக்கே நெனச்சேன். மூஞ்சியைப் பார்த்தாத் தெரியாதா? இவன் நாலு நாளா சோத்துல உப்பு இருக்கா இல்லையான்னு தெரியாம சாப்பிடறான்.”

“தெரிஞ்சும் மரத்தைக் கழட்டினீங்களா?” என்றான் ரோனல்.

“தெரிஞ்சதாலதான் கழட்டினேன்.”

அம்மா சரத்தில் இன்னொரு முடிச்சை அவிழ்த்தாள்.

“ஒம்போது வருஷம், டிவினா. ‘நெனிதா, நீ உயிரோட இருக்கியா, உடம்பு எப்படி இருக்கு, பிள்ளைங்க என்ன பண்றாங்க…’ இதுல ஒண்ணாவது கேட்டிருக்கலாம். மரம் இருக்கான்னு கேட்டாரு. அது இருந்தா நான் இருக்கேன்னு அர்த்தம், அவருக்கு. அங்கயே, அந்த மூலையிலயே.” அம்மாவின் குரல் உடைந்தது, உடனே சேர்ந்துகொண்டது. “அன்னிக்கு மத்தியானமே ஸ்டூல் போட்டு ஏறினேன். ரெண்டு மணி நேரம் ஆச்சு. உச்சிக் கிளையைக் கழட்டிட்டுக் கொஞ்ச நேரம் கையிலயே வச்சிருந்தேன், பொய் சொல்லமாட்டேன். திரும்பிப் பார்த்தா சாலிங் வாசல்ல நிக்கறா. ‘வந்துட்டாரா! ரொஹேலியோ வந்துட்டாரா!’ன்னு தெருவுக்கே கேக்கற மாதிரி கத்தறா.”

“ஐயய்யோ,” என்றான் ரோனல்.

“மரம் கழட்டினா கப்பல்காரன் வந்துட்டான்னுதானே அர்த்தம்? அவ மேல என்ன தப்பு? அரைமணியில அப்பம் சுட்டுக் கொண்டுவந்துட்டா. நேத்தும் கொண்டுவந்தா. ‘இன்னும் தூங்கறாரா? கடல் களைப்பா?’ன்னு கேட்டுட்டுப் போறா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“அப்பம் நல்லா இருக்குன்னேன்.”

முதலில் சிரித்தது டிவினாதான். அடக்க முடியவில்லை. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தட்டை வைத்துவிட்டு அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அம்மாவின் சட்டையில் ஒன்பது வருடத் தூசி வாசம் அடித்தது.

“இருபத்தி நாலாம் தேதி இங்க இருப்பீங்களா?” என்றாள் மடியிலிருந்தே.

“பின்ன இந்த மரத்தை எதுக்குத் தூக்கிட்டு வந்தேன்? மரம் எங்கேயோ அங்கதானே கிறிஸ்துமஸ். உனக்குப் பிடிக்கலைன்னா காலிஃப்ளவரையே வச்சுக்கோ. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்.”

டிவினா எழுந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு ராட்டர்டாமைக் கையில் எடுத்தாள். எப்போதும் மாட்டுகிற கிளையிலேயே மாட்டினாள்.

*

விளக்கைப் போட்டபோது மணி மூன்று. பகல் வெளிச்சத்தில் அது சரியாகத் தெரியவில்லை என்று ரோனல் திரையை இழுத்துவிட்டான். சின்ன வீடு முழுக்கச் சிவப்பும் பச்சையும் ஏறி இறங்கின. ஏழடி மரம் கூரையைத் தொட்டுக்கொண்டு, உச்சிக் கிளை கொஞ்சம் வளைந்து நின்றது. மேசையில் அப்பம், காபி; சமையல் மேடையில் திறக்காத உப்புப் பொட்டலம்.

அப்போதுதான் டிவினாவின் போன் அடித்தது. திரையில் அந்த எண்.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். அது நான்கு முறை அடித்தது.

“எடு,” என்றாள் அம்மா. “சத்தமா போடு. எல்லாரும் கேப்போம்.”

“டிவினா? மகளே?” குரல் மெலிந்திருந்தது. இவ்வளவு கிழக் குரலாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. “லீபாவுலதான் நிக்கறேன், நம்ம வாசல்ல. சொன்னதுக்கு ஒரு வாரம் முன்னாடியே, இன்னிக்கே வந்துட்டேன். வீடு பூட்டியிருக்கு. ஜன்னல் வழியா பார்த்தேன், மரம் இல்ல. சாலிங் என்னடான்னா, ‘வந்து அஞ்சு நாள்தான் ஆகுது, அதுக்குள்ள திரும்ப மூட்டையைத் தூக்கிட்டியா?’ன்னு என்னைத் திட்டறா. எனக்கு ஒண்ணும் புரியல…”

அம்மா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“சாப்டியா?”

மறுபக்கம் பஸ் ஒன்று போகும் சத்தம் கேட்டது. பிறகு, “நெனிதா…” என்றது குரல். “இல்ல. சாப்பிடல.”

“சாலிங்கிட்ட கேளு, போடுவா. திட்டினா திட்டு வாங்கிக்க.”

“நெனிதா, மரம் எங்க?”

“நான் கழட்டினேன். எங்கையால. இப்ப உம் மக வீட்டுல நிக்குது, விளக்குப் போட்டு. ஜனவரியில மூணு ராஜாக்கள் திருநாள் முடிஞ்சதும் கழட்டிடுவோம், எல்லாரையும் போல. யாரு வந்தாலும் சரி, வராட்டியும் சரி.”

அவர் அழுகிறாரா என்று தெரியவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. ரோனல் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான், முதுகைக் காட்டி.

“அப்ப நான் எங்க வரட்டும்?” என்றார் அப்பா.

அம்மா பதில் சொல்ல வாயெடுத்தாள். ஏனோ நிறுத்திக்கொண்டாள். அரிசிப் பொட்டலம் இருந்த மேடையை ஒரு முறை பார்த்தாள், மகளைப் பார்த்தாள், போனை அவள் கையில் வைத்தாள்.

“இது எங்க வீடு இல்ல, ரொஹேலியோ. அவ வீடு. அவகிட்ட கேளு.”

இருபத்தொன்பது வயதில் முதல் முறையாக, வீடு என்றால் ஒருவரை வரச் சொல்லவும் வராதே என்று சொல்லவும் முடிகிற இடம் என்பது டிவினாவுக்கு உறைத்தது. வாடகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டபோதுகூட அது தெரியவில்லை. ஜூன் மழையில் நனைந்து வந்த அப்பாவையும், செபுவில் கல்லாவில் உட்கார்ந்திருந்த அப்பாவையும் ஒரே ஆளாக நினைக்க முயன்றாள். முடியவில்லை.

“மகளே, இருக்கியா?”

போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

“இருக்கேன்,” என்றாள். “அப்பா, நான் சொல்றதை நடுவுல பேசாம முழுசா கேளுங்க.”